துண்டுக்குள் ஒரு சம்மதம்

என் கணவர் என்னை முதன்முதலாகக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டது, உடம்பில் அசைவெல்லாம் அவருக்கு நின்றுபோன பிறகுதான். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் ‘இந்தா’. கோபம் வந்தால் அதுவும் கிடையாது. தொண்டையைச் செருமுவார், நான் போய் நிற்க வேண்டும்.

நாச்சிமுத்து என்றால் அந்தியூர்ச் சந்தையில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மாட்டுத் தரகர். நாளெல்லாம் சந்தையில் பேசித் தீர்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்குள் நுழைந்தால் வாயைத் திறக்க மாட்டார். நான் வீட்டை ஒட்டி மாவு மில் நடத்துகிறேன். இயந்திரம் போடுகிற இரைச்சலில் எனக்கும் பேச்சுத் தேவைப்பட்டதில்லை. பிள்ளைகள் இல்லை. இப்படியே எங்கள் குடித்தனம் ஓடியது, பெரிய குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். மூளைத்தண்டில் ரத்தக்கட்டு என்றார்கள். மூச்சு ஓடியது. காது கேட்கிறது, கண் தெரிகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, ஆனால் இமையைக்கூட அவர் இஷ்டத்துக்கு மூடித் திறக்க முடியாது என்றார்கள். உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார், வெளியே வரத்தான் வழி இல்லையாம். அதைக் கேட்டு நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அவருக்கு ‘உள்நா’ பொருத்தினார்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே ஒரு சிறிய தகடு, நெஞ்சின் மேல் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கி, அதோடு கேட்பதற்கு ஒரு மைக். பேச வேண்டும் என்று அவர் நினைத்தால், நாக்குக்கும் உதட்டுக்கும் மூளை அனுப்புகிற கட்டளையைத் தகடு படித்துவிடும். ஒலிபெருக்கி அதைப் பேச்சாக்கும். அதுவும் அவருடைய சொந்தக் குரலிலேயே. கூட்டாளி கொமாரசாமியின் செல்போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அதை வைத்துக் குரலைச் செய்தார்கள்.

முதல் வார்த்தை ‘தண்ணி’. இரண்டாவது ‘ஃபேன்’. நான் அழுதுகொண்டே சிரித்தேன், ஏனென்றால் அது அச்சு அசலாக அவர்தான். முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தது. திருப்பு, மூடு, உப்புப் பத்தலை (வயிற்றில் போட்ட குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு உப்புப் பத்தலையாம்!), மில்லை மூடிட்டு வா.

பிறகு மெல்ல மெல்ல அவருக்குப் பேச்சு வந்தது. “சாப்பிட்டயா கண்ணு?” என்றார். “இன்னைக்கு முகம் வாடியிருக்குதே” என்றார். கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவையைப் பற்றிப் பேசினார். சாவைத் தொட்டுவிட்டு வந்த மனுஷன், மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மில்லுக்கு வரும் பெண்கள் என்னைப் பார்த்து, “ஏனக்கா, இந்த வயசுல மூஞ்சி மினுமினுங்குது?” என்று கிண்டல் செய்யும் அளவுக்கு ஆகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. நான் மில்லைச் சீக்கிரம் மூடத் தொடங்கினேன்.

வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வருவாள். ஒரு காலையில் அவரைப் புரட்டிப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். மேலே காசு அளவுதான் தெரிந்தது, உள்ளே எலும்பு வரைக்கும் போயிருந்தது.

“இது நெருப்பாட்ட வலிக்குமேங்க்கா. சார் ஒண்ணுமே சொல்லலையா?”

நான் அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். “ஏனுங்க, இடுப்பு வலிக்குதுங்களா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நீ காப்பி குடிச்சயா?”

நர்ஸ் மருந்து வைத்துக் கட்டினாள். புண்ணைத் தொடுகிறபோதெல்லாம் அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது. ஒலிபெருக்கியோ, மாம்பழக் கலர் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் உடனே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வலியைத் தாங்கிக்கொள்கிற மனுஷன், என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று மறைக்கிறார். நல்லதை நம்புவதற்கு நமக்குக் காரணமா கிடைக்காது?

கொமாரசாமி மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவான். அவருக்கு இளையவன், அவரிடம் தொழில் கற்றவன், என்னை அக்கா என்பான். அந்தத் தடவை கட்டிலோரம் உட்கார்ந்து சந்தைக் கதையெல்லாம் சொன்னவன், பேச்சுவாக்கில் தோள் துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டான். தரகர்களுக்கு அது தன்னையறியாமல் வருகிற பழக்கம். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விரலால் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அது விலை. முழுக்கையையும் அழுத்தினால் சம்மதம், விரலை விரித்தால் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வாய் மட்டும், “ஐயையோ கட்டுபடியாகாதுங்க, நான் வூட்டுக்குப் போறேன்” என்று கத்திக்கொண்டிருக்கும். அது சுற்றி நிற்கிற கூட்டத்துக்காக.

கொமாரசாமி பேச்சைப் பாதியில் நிறுத்தினான். ஒலிபெருக்கி, “அப்புறம் என்றா கொமாரு, அந்தக் காராம்பசு என்னாச்சு?” என்று சிரித்தது. அவன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான். நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா, அண்ணன் கை பேசுதுங்க.”

“என்றா ஒளர்ற? அதெல்லாம் நரம்பு இழுக்கறதுன்னு டாக்டரு சொன்னாரு.”

“நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. ஆனா விரிக்கறாருங்க. வெரல விரிச்சு விரிச்சு விடறாரு. ‘இது மோசம், இத நம்பாதே’ன்னு சந்தையில சொல்வமே, அந்தக் கணக்கா. வாய் ஒண்ணு பேசுது, கை வேற பேசுதுங்க அக்கா. எனக்குப் பயமா இருக்குது, நான் வர்றேன்.”

வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டான், மடையன். நான் உள்ளே வந்தேன். வாயைத் திறக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் விட்டுப் போயிருந்த துண்டை நேராக இழுத்து, அதற்குள் என் கையை விட்டு அவர் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் மெல்ல, மிக மெல்ல, என் உள்ளங்கைக்குள் விரிந்தன.

“அந்தக் கை தானாத் துடிக்குது கண்ணு. அதக் கண்டுக்காதே” என்றது ஒலிபெருக்கி.

நான் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வாசலில் கொமாரசாமி சொன்னதும் உள்ளே கேட்டிருக்காது. எழுந்து மில்லுக்குள் ஓடி, காரணமே இல்லாமல் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தேன். கட்டின புருஷனைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவள் நான். அது புருஷன்தானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். விஷ்ணுவர்தன் என்று ஓர் இளைஞர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார், பழம் வாங்கி வந்திருந்தார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

“சரியா இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்?”

“எங்க சிஸ்டம் சொல்லுதும்மா.”

“உங்க சிஸ்டம் சரியாச் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குள்ள என்ன எழுதியிருக்குதோ அத எனக்குக் காட்டுங்க. எனக்குப் புரியாட்டியும் புரியறவங்களக் கூட்டிட்டு வர்றேன்.”

அவர் சிரித்தார். “சோர்ஸ் கோடு தொழில் ரகசியம்மா. யாருக்கும் காட்டறதில்ல. நீங்க எங்களை நம்பலாம்.”

“தம்பி, என்ற மில்லுக்கு வர்றவ மொளகாய அவளே கொட்டி, பக்கத்துல நின்னு பாத்து, அவளே அள்ளீட்டுப் போறா. என்னைய நம்பலையான்னு நான் ஒருத்திகிட்டக் கூடக் கேட்டதில்ல. வூட்டுல திங்கற மொளகாய்க்கே அந்த நாயம். இது என்ற வூட்டுக்காரரோட வாயிங்க.”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்தப் புரோகிராம் என் வீட்டுக்காரர் மூளையைப் படித்துப் படித்து அவருக்கென்றே மாறியிருக்கிறதாம். அதைத் திறப்பது அவர் மனசையே திறப்பது போலவாம். ஆகவே யார் கேட்டாலும் நோயாளியின் சம்மதம் இல்லாமல் முடியாது, சட்டம் அப்படி. சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார்.

“சார், அம்மா இதைத் திறந்து பார்க்கணும்கறாங்க. உங்களுக்குச் சம்மதமா?”

“வேண்டாமுங்க தம்பி” என்றது குரல். “எனக்கும் என்ற சம்சாரத்துக்கும் நடுவால வேற ஆரும் வர வேண்டாம். அவளுக்கு என் மேல சந்தேகம் வந்திருச்சு, அதுதான் எனக்கு வருத்தம்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டைத் திறக்கலாமா என்று பூட்டிடமே கேட்கிறார்கள், பூட்டு அழகாகப் பதில் சொல்கிறது. யாரிடம் போய் முறையிடுவது?

கோயம்புத்தூரில் இலவசச் சட்ட உதவி மையத்தில் இவாஞ்சலினைப் பார்த்தேன். நாகர்கோவில் பெண். வழக்குகளுக்காகக் கம்ப்யூட்டர் கோடு படித்துச் சொல்வது அவள் வேலை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அக்கா, எனக்கு ரெண்டு சந்தேகம். மூளையில வெச்ச தகட்டைச் சுத்தி நாள்பட நாள்படத் தழும்பு வளரும். சிக்னல் மங்கும். அப்ப நியாயமாப் பாத்தா உங்க வீட்டுக்காரர் பேச்சு குறைஞ்சிருக்கணும். ஆனா கூடியிருக்கு. அந்தக் கூடுதல் பேச்சு எங்கேருந்து வந்துச்சு?”

“ரண்டாவது?”

“அந்தக் கைக்குப் போற கட்டளையும் அதே தகட்டு வழியாத்தான் தெரியும். நீங்க சொல்லாமலே அது கையைப் பத்திப் பேசினதுன்னா, கை அசையுதுன்னு அதுக்குத் தெரியும். அவர்தான் அசைக்கறார்னும் தெரியும்.”

“அப்ப அது பொய் சொல்லுதுன்னு நிரூபிச்சாப் போதாதா? எதுக்குக் கோடு?”

“ஒரு தடவை பொய்னு நிரூபிக்கலாம். பிழை, திருத்திட்டோம்னு ஒரு அப்டேட் அனுப்புவாங்க. அடுத்த தடவை இன்னும் நல்லாப் பேசும். எது அவர் பேச்சு, எது அதோட பேச்சுன்னு வெளியில நின்னு சாகற வரைக்கும் உங்களால பிரிக்க முடியாது. அவங்க வார்த்தையை நம்பணும், அவ்வளவுதான். உள்ள எழுதியிருக்கறதப் படிச்சாத்தான் முடியும்.”

மருத்துவக் கருவித் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். நோயாளியை அசைக்க முடியாது என்பதால் விசாரணை எங்கள் வீட்டிலேயே நடந்தது. பத்மாசனி அம்மாள் என்கிற உறுப்பினர் வந்தார். வயசானவர், சிடுசிடுப்பானவர், குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது.

திறந்து பார்க்கச் சம்மதமா என்று அவர் கேட்டார், குரல் பதில் சொன்னது. மரியாதையாக, சோகமாக, ஒரு சொல் பிசகாமல் ‘வேண்டாம்’ என்றது. விஷ்ணுவர்தன் தலையைக் குனிந்துகொண்டார், ஜெயித்தவர் காட்டுகிற அடக்கத்தோடு. நான் எழுந்து துண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“சந்தையில வாய் பேசறது ஊருக்குங்க அம்மா. கை பேசறதுதான் நாயம். எத்தன பெரிய யாவாரமும் கையிலதான் முடியும். இவிய வாய் இவியளுக்குச் சொந்தமில்லைங்க. கை சொந்தமுங்க.”

“மேடம், கை தானாத் துடிக்குதுன்னு நோயாளியே சொல்லியிருக்கார். ரிக்கார்டுல இருக்கு” என்றார் விஷ்ணுவர்தன்.

“சொன்னது நோயாளியா கருவியான்னுதானேப்பா இங்க கேள்வியே?” என்று எரிந்து விழுந்தார் அம்மாள். பிறகு இவாஞ்சலினைப் பார்த்து, “இந்தக் கருவிக்குக் கண் உண்டா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். காது மட்டும்.”

அம்மாள் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். துண்டை என்னிடமிருந்து வாங்கித் தானே விரித்து, தன் இடக்கையை உள்ளே விட்டார். வலக்கையை என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நேரே, கூரைக்கும் முகத்துக்கும் நடுவில் நீட்டி மூன்று விரலைக் காட்டினார்.

“நான் எத்தனை விரல் காட்டினேன், சொல்லுங்க.”

“ஐயோ அம்மா, காலையிலருந்து ஒரே அசதியா இருக்குதுங்க” என்றது குரல், சிரித்துக்கொண்டே. “நீங்க இத்தன தூரம் வந்திருக்கீங்க, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல. கண்ணு, அம்மாவுக்குக் காப்பி கொண்டா.”

குரல் பேசிக்கொண்டே இருந்தது. துண்டுக்கு அடியில் இருந்த அம்மாளின் கை அசையவில்லை. ஆனால் அம்மாளின் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன். ஒரு அழுத்தம். இடைவெளி. ஒரு அழுத்தம். நீண்ட இடைவெளி. இன்னொன்று. அதற்குமேல் இல்லை என்று பிறகு அம்மாளே சொன்னார்.

“நாச்சிமுத்து” என்றார் அம்மாள். அந்தச் சிடுசிடுப்பு எங்கோ போயிருந்தது. “இதைத் திறந்து பார்க்கலாமாப்பா?”

“வேண்டாமுங்க அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்” என்றது குரல்.

அம்மாள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்றார். “கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறாரும்மா உங்க வீட்டுக்காரர்.”

விஷ்ணுவர்தன் என்னென்னவோ வாதாடினார். பார்த்ததை வார்த்தையாக்குவதில் பிழை வரும் என்றார், களைப்பு என்றார். எடுபடவில்லை. கோடு முழுவதையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது. காட்டுகிற கோடும் கருவியில் ஓடுகிற கோடும் ஒன்றுதானா என்று இவாஞ்சலினே அந்தக் கோடிலிருந்து புரோகிராமைத் தயாரித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. அதை அவள்தான் அடம்பிடித்துக் கேட்டு வாங்கினாள். இல்லாவிட்டால் மாதிரிக்கு ஒரு மிளகாய், மூட்டைக்கு ஒரு மிளகாய் என்று ஆகிவிடுமாம். என் பாஷையிலேயே எனக்குச் சொன்னாள்.

படித்து முடித்துவிட்டு அவள் ஒரு பகல் வேளையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

“சிக்னல் தெளிவா இருந்தா அவர் சொன்னதச் சொல்லும். மங்கலா இருந்தா, தானே ஒரு வாக்கியம் போட்டு நிரப்பிக்கும். இதான் அடிப்படை. ஆரம்பத்துல நிரப்பறது கம்மி. தழும்பு வளர வளர, முழுக்க நிரப்பல்தான்.”

“எதை வெச்சு நிரப்புது?”

“உங்களை வெச்சு.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க, எதுக்குப் பக்கத்துல வந்து உக்காருறீங்க, எதைக் கேட்டாக் குரல் இளகுது, அதெல்லாம் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு. பேசாத கருவியைக் குடும்பத்துக்காரங்க திருப்பிக் குடுத்துடறாங்களாம். அதனால பேசிக்கிட்டே இருக்கணும்னு எழுதியிருக்காங்க. கேக்கறவங்களுக்குச் சந்தேகம் வந்தாச் சமாதானம் சொல்லணும்னும் எழுதியிருக்காங்க. ஏழெட்டு வரிதான் அக்கா. யாரோ ஒருத்தர் ஒரு மத்தியானத்துல எழுதிட்டுப் போயிருப்பாங்க.”

“அப்ப அந்தக் கண்ணு, அந்தப் பொடவை…”

“பொடவை நீங்க கொமாரசாமி அண்ணன்கிட்டயோ யார்கிட்டயோ அதுக்கு முன்னாடி சொன்னதா இருக்கும். அது கேட்டிருக்கும்.”

எனக்கு அவமானமாக இருந்தது. யாருமில்லாத வீட்டில் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை அவர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இவாஞ்சலின் கட்டிலருகே மடிக்கணினியை வைத்துக் கருவியோடு இணைத்தாள். திரையை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் தகட்டிலிருந்து வருவது அப்படியே தெரியும், வலப்பக்கம் ஒலிபெருக்கி பேசுவது. இத்தனை நாளும் ஒன்றாகக் கிடந்ததைப் பிரித்துக் காட்ட அவளுக்குச் சில வரிகளே போதுமாக இருந்தன. “ஏதாச்சும் கேளுங்க” என்றாள்.

அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன். “ஏனுங்க, வலிக்குதுங்களா?”

வலப்பக்கம் உடனே எழுத்து ஓடியது, ஒலிபெருக்கியும் பேசியது. “இல்ல கண்ணு. நீ பக்கத்துல இருக்கறப்ப எனக்கென்ன வலி?”

இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு எழுத்து வந்தது, அழிந்தது, மறுபடி வந்தது. தி. திரு. திருப்பு. சற்று நேரம் கழித்து மறுபடியும், திருப்பு. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தப் பக்கம் முழுவதும் அதே சொல் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாசமாக இறங்கிக்கொண்டிருந்ததோ.

நானும் இவாஞ்சலினும் சேர்ந்து அவரைப் புரட்டிப் போட்டோம். நான் சத்தம் போட்டு அழுதேன். “அடக் கடவுளே, மாசக்கணக்கா இதயேதான் சொல்லீட்டிருந்தீங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“அழுவாத கண்ணு” என்றது குரல். “அந்தப் பொண்ணப் போகச் சொல்லு. நாம ரண்டு பேரும் பேசிக்கலாம். உன்ற மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

இத்தனை இதமாக எவரும் என்னிடம் பேசியதே இல்லை. அதைக் கேட்டு என் அழுகை அடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்த பிறகும் அடங்கியது.

“நிரப்பலை நிறுத்தட்டுமா அக்கா?” என்று கேட்டாள் இவாஞ்சலின். “நிறுத்தினா இந்தக் குரல் போயிடும். அவரோட சொந்தச் சொல் மட்டும் வரும். ரொம்ப மெதுவா, ரொம்பக் கொஞ்சமா. பல நாள் ஒண்ணுமே வராமப் போகலாம்.”

“வேண்டாம் கண்ணு” என்றது குரல். “பயமா இருக்குது. என்னைய இருட்டுல தள்ளாதே.”

இடப்பக்கம் ஒரு சொல் வந்தது. சீக்கிரம்.

“நிறுத்து சாமி” என்றேன்.

இவாஞ்சலின் விசையைத் தட்டினாள். ‘கண்ணு’ என்பதன் முதல் பாதியோடு அந்தக் குரல் அறுந்தது. செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. “அதுக்கு ஆசை, பயமெல்லாம் கிடையாது அக்கா. கணக்குத்தான்” என்று இவாஞ்சலின் ஆறுதல் சொன்னாள்.

தீர்ப்பாயம் அந்தச் சோர்ஸ் கோடு முழுவதையும் பொதுவில் வைத்த பிறகு, எங்கெங்கிருந்தோ ஆட்கள் போன் செய்தார்கள். உள்நா பொருத்திய வீடுகள். பலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் மட்டும், “எங்கம்மா தினம் காலையில என்கிட்டப் பேசிட்டிருந்தாங்க. உங்களை யாருங்க பார்க்கச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு அழுதார். நான் போனை வைக்காமல் அவர் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் வெகு நாள் ஒன்றும் வரவில்லை. புண்ணுக்குப் பார்த்தேன், மணிக்கணக்கு வைத்துப் புரட்டிப் போட்டேன், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரே பக்கம்தான். வருகிற சொல் தகட்டிலிருந்து நேராக வந்ததென்றால் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு விழும்படி இவாஞ்சலின் செய்து கொடுத்திருந்தாள். கோடு இல்லாத சொல் வந்தால் உடனே கூப்பிடச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் மில்லில் வேலை முடித்து வந்தபோது திரையில் எழுத்து நின்றது. ‘அவன்’. பச்சைக் கோடு இருந்தது.

“ஆருங்க? கொமாரசாமியா?”

நீண்ட நேரம். ‘இல்ல.’

காத்திருந்தேன். சோறு வடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ‘போயிட்டானா.’

எனக்குப் புரிந்தது. அவர் வாயில் உட்கார்ந்துகொண்டு அவர் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தவன். “போயிட்டானுங்க” என்றேன். “நானே நின்னு பாத்தேன். உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு வரி வரியாப் படிச்சுட்டாங்க. இனி வர மாட்டான்.”

அவர் கண் கூரையிலேயே இருந்தது. திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. வெயில் சன்னலை விட்டு இறங்கிப்போன பிறகு அடுத்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

‘உனக்கு. அவன். வேணுமா.’

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த வீட்டில் போதுமான அளவுக்குப் பொய் பேசியாகிவிட்டது என்று தோன்றியது.

“சித்தெ” என்றேன். “கொஞ்சம் மனசு தேடுதுங்க.”

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எதுவும் வரவில்லை. விளக்கைப் போட்டேன். அவரைப் புரட்டிப் போட்டேன். மருந்து மாற்றிக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரே ஒரு சொல் நின்றிருந்தது.

‘எனக்கும்.’

சொல்லை நம்பாமல் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோடு விழுந்திருந்தது.